நாக்குக்கு அடியில் அப்பம்

பரிசுத்த வாரம் பிறந்துவிட்டது. தேனடைக்காரி ஹவீசா இன்னும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரவில்லை.

வெயின்தோர்ப் ஊரில் மற்ற எல்லாரும் வந்து போய்விட்டார்கள். வருஷா வருஷம் அதே பண்ணைக் குளத்தில் அதே விலாங்கு மீனைத் திருடியதாக அதே குரலில் சொல்லும் மதகுக் காவலாளிகூட வந்துவிட்டான். ஓஸ்பர்ட் சாமியார் பீடத்துக்கு இடப்புறம் முக்காலியில் உட்கார்ந்து, முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில் முழந்தாளிட்டவர்களின் முணுமுணுப்பைக் கேட்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் அசைந்தால் போதும், முக்காட்டுக்குள்ளிருந்து கண் அங்கே ஓடிவிடும். பாவம் சொல்ல வந்தவர்கள் பாவம், பாதிப்பேர் தங்கள் பாவத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

தவக்காலத்துக்குள் தன் பங்குச் சாமியாரிடம் வந்து பாவத்தைச் சொல்லாதவளுக்குப் பாஸ்காவன்று, ஆண்டவர் உயிர்த்த திருநாளில், ஆண்டவரின் சரீரமான நன்மை அப்பம் கிடையாது. நன்மை வாங்காதவள் செத்தால் கோயில் மண்ணில் இடம் கிடையாது. இது ஹவீசாவுக்கும் தெரியும். தெரிந்தும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள்தான் முக்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். போன தவக்காலத்தில் ஹவீசா இதே இடத்தில் முழந்தாளிட்டாள். ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருந்ததைச் சொன்னாள். அதற்கு முந்திய பாஸ்காவில் அவளுடைய ஐந்து வயது மகள் அமாபில் காய்ச்சலில் கிடந்தாள். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் கிடைக்கிற அப்பம். சாமியார் நாக்கில் வைத்ததை ஹவீசா விழுங்கவில்லை. நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, வழியில் வாழ்த்தியவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு, வாயை இறுக மூடி வீடுவரை நடந்திருக்கிறாள். தன் நீலச் சட்டையின் கைப்பக்கம் ஒரு துண்டைக் கிழித்து, அப்பத்தை அதில் வைத்து, பிதாவுக்கு ஒன்று, சுதனுக்கு ஒன்று, இஸ்பிரீத்து சாந்துவுக்கு ஒன்று என்று மூன்று முடிச்சுப் போட்டுப் பிள்ளையின் கழுத்தில் கட்டியிருக்கிறாள். பிள்ளை மூன்றாம் நாள் செத்துப் போனது.

"வீடு போய்ச் சேருறதுக்குள்ள பாதி கரைஞ்சிருச்சு சாமி. மிச்சம் பொடியாத்தான் இருந்துச்சு. அதனாலதான் பலிக்கலையா?" என்று கேட்டாள்.

ஓஸ்பர்ட் ஒன்பது வெள்ளிக்கிழமை ரொட்டியும் தண்ணீரும் என்று பரிகாரம் சொல்லி, கையைத் தலைமேல் வைத்துப் பாவமன்னிப்பும் கொடுத்தார். அதோடு அந்தச் சொற்கள் செத்திருக்க வேண்டும். சங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் சாகும்வரை வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் குருப்பட்டத்தைப் பறித்து, ஏதாவது ஒரு மடத்தின் உள்ளறையில் ஆயுசு முழுக்க அடைத்துப் போடுவார்கள்.

ஆனால் நம் சாமியார் ஒரு கவிராயர். அதுதான் வந்த வினை.

பத்து வருஷமாக ஒரு நீண்ட பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஆன்மா என்கிற பெண் ஒரு கோட்டையில் இருக்கிறாள். கோட்டைதான் உடம்பு. ஐந்து வாசல் ஐந்து புலன். விருந்தாளி வேஷத்தில் ஏழு பெண்கள் கோட்டையைச் சுற்றி வளைக்கிறார்கள். அவர்கள் ஏழு தலையான பாவங்கள். கடைசியில் ஒரு வீரன் வருவான். அவன் ஆன்மாவின் கிழிந்த போர்வையை வாங்கித் தன்மேல் போட்டுக்கொண்டு வெளியே போவான். எதிரிகள் அவனை அவள் என்று நினைத்து அடிப்பார்கள். அவள் பிழைப்பாள். வீரன் யார் என்று ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்த இடம் வந்தால் ஓஸ்பர்ட்டின் இறகுப் பேனா நின்றுவிடும். அடி வாங்குகிறவனின் மனசு அவருக்குப் பிடிபடவே இல்லை.

அந்த ஏழு பெண்களும்கூட ஆரம்பத்தில் மரப்பாச்சி பொம்மைகளாகத்தான் இருந்தார்கள். அதிலும் பேராசை படு மோசம். கையில் ஒரு பொன் மூட்டையைக் கொடுத்து நிறுத்தியிருந்தார். அதை எவன் வேண்டுமானாலும் எழுதுவான். போன கோடையில் ஒரு நாள் வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது அந்த வரிகள் வந்தன. நாக்குக்கு அடியில் அப்பத்தை ஒளித்த பேராசை, நீலத் துணி, மூன்று முடிச்சு, வாசலில் அகப்பட்டவளைத் தள்ளிவிடும் அகழி. மண் கையோடு ஓடிப் போய் எழுதினார். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. உறுத்தாமலும் இல்லை. 'பேர் சொன்னோமா, ஊர் சொன்னோமா, யாருக்குத் தெரியப் போகிறது' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கவி எழுதுகிறவன் கையில் நல்ல வரி ஒன்று மாட்டிவிட்டால், மனசாட்சி வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கிறிஸ்து பிறப்புத் திருநாளில் பண்ணை வீட்டுக் கூடத்தில் அதை வாசித்தார். பேராசை வந்ததும் கூடம் மூச்சு விடவில்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பத்து வருஷத்தில் அவர் பாட்டுக்கு அப்படி ஒரு அமைதி கிடைத்ததில்லை. அந்த அமைதிக்கு நடுவில், கதவோரம் மெழுகுவர்த்திக் கட்டோடு நின்றிருந்த ஹவீசாவைப் பார்த்தார். அவள் கட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள். வெளியே போனாள். அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. வரி அப்படி ஓடிக்கொண்டிருந்தது. இன்றுவரை அவருக்கு ஆறாத புண் அதுதான்.

பிள்ளைகளுக்கு அந்த இடம் பிடித்துப் போனது. ஒருத்தி கோட்டை வாசலாகக் கையை விரித்து நிற்பாள். மற்றவர்கள் வரிசையாக வருவார்கள்.

"நாக்க நீட்டு!"

நீட்டுவார்கள்.

"நாக்கத் தூக்கு! அடியில என்ன?"

ஒளித்து வைத்த கூழாங்கல்லோ கொட்டையோ அகப்பட்டால் எல்லாரும் சேர்ந்து அவளை அகழியில் தள்ளுவார்கள். கோயில் மதிலோரச் சாக்கடைதான் அகழி. கல்லறைத் தோட்டத்தில் தினமும் இந்தக் கூத்து நடந்தது. அமாபிலின் சின்ன மேட்டுக்குப் பக்கத்திலேயே நடந்தது.

பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? கோயில் மணியம் பார்க்கும் ஹாமோ, திங்கட்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரை மறித்துக்கொண்டான். மாவு ஆலை வைத்திருக்கும் தடித்த ஆள். நல்லவன். நல்லவன் என்பதுதான் அவனிடம் இருந்த தொந்தரவு. ஆண்டவருக்கு ஒரு குறை என்றால் தூங்க மாட்டான்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். அந்தப் பேராசை யாரு?"

"யாரும் இல்லப்பா. பாட்டு. நானாக் கட்டினது."

"மத்த ஆறு பேரும் நீங்க கட்டினது, ஒத்துக்கிறேன். கோபக்காரி கையில கத்தி, சோம்பேறி தலையில தலகாணி. அது நான்கூடக் கட்டுவேன். ஆனா நீலத் துணி, மூணு முடிச்சு... இதெல்லாம் உக்காந்த இடத்துல வராது சாமி. எவளோ செஞ்சிருக்கா. உங்க காதுக்கு எங்கயோ வந்திருக்கு."

"ஹாமோ..."

"எங்கன்னு கேக்கல. கேக்கக் கூடாது. நம்ம ஊர்க்காரியாங்கிறதுதான் என் கேள்வி. ஆண்டவரோட சரீரத்த எவளோ வாயில திருடிட்டுப் போயி மந்திரம் பண்ணியிருக்கா. என் பொஞ்சாதி சொல்றா, தேனீக் கூட்டுக்குள்ள அப்பத்த வச்சா தேன் கொட்டுமாமே. ரெண்டு வருஷமா நம்ம ஊர்ல யாருக்குத் தேன் கொட்டுது?"

ஓஸ்பர்ட் அவனைத் தாண்டிப் போகப் பார்த்தார்.

"வாய்க்கு வந்ததப் பேசாத."

"பேசல சாமி. பாத்துட்டிருக்கேன். சங்கீர்த்தனத்துக்கு யாரு வரலையோ அவதான். சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் தலைமைச் சாமியாருக்கு ஆள் அனுப்புவேன்."

தலைமைச் சாமியாரின் விசாரணை என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மந்திரக்காரி என்று தீர்ப்பானால் மூன்று சந்தை நாள் உள்சட்டையோடு சந்தையைச் சுற்றி வரவிட்டுச் சாட்டையால் அடிப்பார்கள். பிறகு அவளிடம் யாரும் மெழுகு வாங்க மாட்டார்கள், நெருப்புக்கூடக் கொடுக்க மாட்டார்கள். அமாபிலின் குழியைத் தோண்டித் துணியைத் தேடினாலும் தேடுவார்கள். இந்தக் கடைசி எண்ணம் வந்த பிறகு ஓஸ்பர்ட்டால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினார். கிண்ணத்தை எங்கேயோ வைத்துவிட்டு அதைத் தேடிச் சுற்றினார்.

புதன்கிழமை காலை ஹவீசாவின் கொல்லைக்குப் போனார். அவள் வைக்கோல் தேனீக்கூடுகளின் மேல் மூடியிருந்த குளிர்காலச் சாக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"பாஸ்கா மெழுகுதிரி வார்த்தாச்சு சாமி. சாயங்காலம் கொண்டாந்து வைக்கிறேன்."

"அதுக்கு வரல ஹவீசா."

"தெரியும்."

தேனீக்கள் அவர் முகத்தைச் சுற்றின. அவர் கையை வீசினார்.

"வீசாதீங்க. பயந்தவன் வாடை அதுகளுக்குப் புடிக்காது."

"நீ வராட்டி ஹாமோ உன்னத்தான் சொல்லுவான். சனிக்கிழமைக்குள்ள வந்துரு. எங்கிட்ட வர மனசில்லன்னா பக்கத்துப் பங்குச் சாமியார்கிட்டச் சொல்லிக்கோ. நான் அனுமதி தரேன்."

அவள் சாக்கை மடித்தாள். மடிப்பை மடியில் வைத்துத் தட்டினாள்.

"அங்க போனா மட்டும்? 'உள்ளூர்ச் சாமிய விட்டுட்டு ஏன் அசலூருக்கு ஓடுறா'ன்னு கேக்க மாட்டாங்களா? நல்ல யோசனை சாமி. பாட்டு எழுதுற புத்தி."

அவர் படலைப் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். பதில் சொல்லிட்டுப் போங்க. ஏழு பேர்ல என்னைய ஏன் பேராசையில கொண்டுபோய் வச்சீங்க?"

"அது... அங்க ஒரு இடம் காலியா..."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. ஹவீசா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம்கூட இல்லாத பார்வை. பிறகு அடுத்த கூட்டுக்குப் போய்விட்டாள்.

பெரிய வியாழனன்று பக்கத்து ஊருக்குக் கிளம்பினார். அங்கிருக்கிற கிழட்டுச் சாமியாரிடம் தன் பாவத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு. சதுப்பு நிலத்துக் கரைமேல் வேகமாக நடந்தார். பாதி வழியில் பலகைப் பாலம் வந்தது. பாலத்தில் நின்றார். சொன்னால் பட்டம் போகும். பட்டம் போனால் பூசை போகும், வீடு போகும், வெங்காயப் பாத்தி போகும், பாட்டும் போகும். அதோடு, 'யாருடைய பாவத்தை வெளியிட்டீர்' என்று விசாரணையில் கேட்பார்கள். குடைந்து குடைந்து கேட்டு எப்படியும் ஹவீசாவிடம் வந்து நிற்பார்கள். இந்த இரண்டாவது காரணம் உண்மையான காரணம்தான். ஆனால் முதல் காரணம் முதலில் வந்தது என்பதை அவர் தனக்கே மறைக்கவில்லை. எனக்கு அவர்மேல் கொஞ்சமாவது மதிப்பு இருக்கிறதென்றால் அதற்காகத்தான். திரும்பி வந்தார். மறுபடி கிளம்பினார். மறுபடி பாலம்வரை போய்த் திரும்பினார். கரையில் வாத்து மேய்த்த பெண், "சாமி எதையோ தொலைச்சிட்டாரு போல" என்று வீட்டில் போய்ச் சொன்னாள்.

பெரிய சனிக்கிழமை பிற்பகல். கோயிலில் பத்துப் பன்னிரண்டு பேர் கடைசி நேரத்துச் சங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார்கள். ஹாமோ தூணில் சாய்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். வரிசை குறைந்து இரண்டு பேருக்கு வந்தபோது ஹவீசா உள்ளே வந்தாள். தலையில் முக்காடு, நேரான நடை. எல்லாத் தலைகளும் திரும்பின.

அவள் முறை வந்தது. முக்காலிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டாள். பத்தடி தள்ளி ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கத்தான் முடியும், கேட்காது.

"நான் சொல்றதுக்கு முந்தி நீங்க சொல்லுங்க" என்றாள், தரையைப் பார்த்தபடி.

"என்ன?"

"என்ன செஞ்சீங்கன்னு. எனக்குத் தெரியும். உங்க வாயால கேக்கணும்."

ஓஸ்பர்ட் முக்காட்டை இன்னும் கீழே இழுத்தார். சொல்ல ஆரம்பித்தார். வெங்காயப் பாத்தியைச் சொன்னார். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை என்று சந்தோஷப்பட்டதைச் சொன்னார். அவள் மெழுகுவர்த்திக் கட்டைக் கீழே வைத்ததைப் பார்த்ததையும், பார்த்தும் நிறுத்தாததையும் சொன்னார். பலகைப் பாலத்தையும் சொன்னார். தோள் குலுங்கியது. தூரத்திலிருந்து பார்த்த ஹாமோ, 'பெரிய பாவமாத்தான் சொல்றா, சாமியாரே தாங்கல' என்று நினைத்திருப்பான்.

"ஆச்சா?" என்றாள்.

"ஆச்சு."

"இப்ப நான். ஆண்டவர் பொறந்த திருநாள்லேருந்து உங்கள மனசார வெறுத்தேன் சாமி. நீங்க குதிரையிலேருந்து விழணும்னு வேண்டிக்கிட்டேன். உங்களுக்குக் குதிரையே இல்லைங்கிறது அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அவ்வளவுதான் என் பாவம். மன்னிப்புக் குடுங்க."

"நான் எந்தக் கையால..."

"அழுக்குக் கையால ஊத்தினாலும் தண்ணி தண்ணிதான். ஊத்துங்க."

கையை அவள் தலைமேல் வைத்தார். லத்தீன் வார்த்தைகள் பழக்கத்தில் நேராக வந்தன.

அவள் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்குப் பாட்டோட முடிவ வாசிக்கப் போறீங்களாமே. முடிவு எழுதியாச்சா?"

"இல்ல."

"என் கதைய எடுத்துட்டீங்க. திருப்பிக் குடுக்க முடியாது. ஊரெல்லாம் வாயில போட்டு மெல்லுது. இனிமே சொல்றதுன்னா சரியாவாவது சொல்லுங்க. அது பேராசை இல்ல சாமி. எம் புள்ள அது."

எழுந்து போனாள். ஹாமோ அவளுக்கு வழி விட்டான். ஆனால் அவன் முகம் தெளியவில்லை.

பாஸ்கா விடிந்தது. மணி நிற்காமல் அடித்தது. ஹவீசா வார்த்த பெரிய மெழுகுதிரி பீடத்தருகில் எரிந்தது. ஊர் வரிசையாக வந்து நன்மை வாங்கியது. யார் சொன்னார்களோ, பக்கத்தில் ஹாமோ ஒரு விளக்கோடு நின்றான். நன்மை வாங்கிய ஒவ்வொருவரும் அவன் முன்னால் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். பிள்ளைகளின் விளையாட்டு பீடம்வரை வந்துவிட்டது. ஓஸ்பர்ட் அப்பத்தை ஹவீசாவின் நாக்கில் வைத்தார். அவள் விழுங்கினாள். ஹாமோவிடம் போய் வாயைத் திறந்தாள். விளக்கை மற்றவர்களுக்குப் பிடித்ததைவிட இரண்டு மடங்கு நேரம் அவளுக்குப் பிடித்தான். அவள் கண் கலங்காமல் திறந்தபடி நின்றாள். அதைப் பார்த்த நிமிஷத்தில்தான் ஓஸ்பர்ட்டுக்குள் ஒரு வாரமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றது.

பூசை முடிந்து எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் கூடினார்கள். முட்டையும் பன்றித் தொடையும் வெயிலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. நாற்பது நாள் பட்டினிக்கு அப்புறமும் யாரும் கை வைக்கவில்லை. பாட்டின் முடிவைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பாடு.

"சாமி, வீரன் வர்றதுக்கு முந்தி எங்களுக்கு ஒரு பதில் வரட்டும்" என்றான் ஹாமோ, எல்லாருக்கும் கேட்கும்படி. "ஆண்டவர் உயிர்த்த நாள். இன்னிக்காவது சொல்லுங்க. அந்தப் பேராசை யாரு?"

கூட்டத்தில் நாலைந்து முகங்கள் ஹவீசா பக்கம் திரும்பின. ஹாமோவின் பெண்சாதி முழங்கையால் இன்னொருத்தியை இடித்தாள்.

ஓஸ்பர்ட் தோல் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார்.

"நான்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"அப்பத்த நாக்குக்கு அடியில ஒளிச்சது நான். எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. குருப்பட்டத்துக்குப் படிச்சிட்டிருந்தேன். என் தங்கச்சிக்குக் காய்ச்சல். அஞ்சு வயசு. பாஸ்காவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன்."

அவருக்குத் தங்கை கிடையாது. உயிர்த்த ஞாயிறன்று, அப்பம் தொட்ட விரல் உலர்வதற்குள், கோயில் வாசலில் நின்று ஒரு குருவானவர் பொய் சொன்னார். பாவம்தான். நான் அதைப் பாவம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர் வாழ்நாளில் அவ்வளவு நேராக நின்று பேசி யாரும் பார்த்ததில்லை.

"வாய இறுக்கி மூடிக்கிட்டு நடந்தேன். வழியில எல்லாரும் வாழ்த்தினாங்க. பதில் சொல்ல முடியல, தலைய மட்டும் ஆட்டினேன். வாயில எச்சி ஊற ஊற அது கரையுது. கரைஞ்சிரக் கூடாதுன்னு ஓடவும் பயம். ஓடினா முழுங்கிருவேனோன்னு. என் சட்டையில ஒரு துண்டக் கிழிச்சேன். நீலம். மூணு முடிச்சுப் போட்டேன். கடைசி முடிச்சு லேசில விழல. புள்ள என்னப் பாத்து, 'இது எனக்கா?'ன்னு கேட்டா."

கடைசியாகச் சொன்னது அவர் ஹவீசாவிடம் கேட்டதில்லை. எங்கிருந்து வந்ததோ, வந்தது. கூட்டத்தில் ஹவீசாவின் கை நெஞ்சுக்குப் போனது.

"மூணாம் நாள் போயிட்டா. பாதி கரைஞ்சதனாலதான் பலிக்கலையோன்னு இன்னிக்கு வரைக்கும் நினைக்கிறேன். அதப் போய் நான் பேராசைன்னு எழுதினேன். பாட்டுல ஒரு இடம் காலியா இருந்துச்சு, அதுல கொண்டுபோய் அடைச்சேன். அது பேராசை இல்ல. ஆண்டவர விட்டா வேற யாரும் இல்லாதவ... இல்லாதவன் செஞ்சது. அவள அகழியில தள்ளினது தப்பு. இனிமே யாரும் தள்ளக் கூடாது."

அழுகைச் சத்தம் முதலில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. குளிர்காலத்துக்குக் குளிர்காலம் பிள்ளை பறிகொடுக்கிற ஊர் அது. தாய்மார் எல்லாருமே அழுதார்கள். முழங்கையால் இடித்தவளும் அழுதாள். அதனால் ஹவீசா வாய்விட்டு, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அமாபிலின் மேட்டுக்கு ஐந்தடி தள்ளி நின்று, உரக்க அழுதபோது அவளை யாரும் தனியாகப் பார்க்கவில்லை.

ஹாமோவின் முகம் செத்துப் போயிருந்தது.

"சாமி, நான் ஆள் அனுப்பியாகணும்."

"அனுப்பு. நீ அனுப்பாட்டி நானே போவேன்."

"உங்களப் போயி..." என்றான். பன்றித் தொடையை அன்று ஊர் ருசி தெரியாமல் தின்றது.

தலைமைச் சாமியாரின் தீர்ப்பு மே மாதம் வந்தது. அப்பத்தைத் திருடியதை மறைத்துக் குருப்பட்டம் வாங்கிய குற்றத்துக்காகப் பங்கைப் பறித்து, வடக்கே மூன்று நாள் நடையில் இருக்கும் ஒரு மடத்துக்கு ஆயுள் தவத்துக்கு அனுப்ப வேண்டும். போவதற்கு முன் உள்சட்டையோடு, வெறுங்காலோடு, கையில் மெழுகுதிரியோடு கோயிலை மூன்று முறை சுற்ற வேண்டும். அவர் நிஜமாகச் செய்த குற்றம் சங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியிட்டது; அதற்கும் ஏறக்குறைய இதே தண்டனைதான் கிடைத்திருக்கும். ஆனால் அவர் வாங்கியது செய்யாத குற்றத்துக்கு.

அன்று மழை. கடலோரத்து ஊசி மழை. ஊர் மதிலோரம் வாய் பேசாமல் நின்றது. பிள்ளைகள்கூட நின்றார்கள். இரண்டு காவலர்களுக்கு நடுவில் ஓஸ்பர்ட் சுற்றினார். மெழுகுதிரி அணைந்துவிட்டது. சட்டை நனைந்து முதுகெலும்பில் ஒட்டியிருந்தது. அடி வாங்குகிறவனின் மனசு எப்படி இருக்கும் என்று பத்து வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட மனிதருக்கு அன்று தோன்றியதெல்லாம் கால் விரல் குளிர்கிறது என்பது மட்டும்தான்.

மூன்றாம் சுற்று முடிந்து வடக்குப் பாதையில் திரும்பியபோது ஹவீசா குறுக்கே வந்தாள். தன் தோளிலிருந்த போர்வையை எடுத்தாள். பழைய பழுப்புக் கம்பளி. ஓரத்தில் மெழுகுக் கறை. அதை அவர் மேல் போர்த்தி, கழுத்தடியில் இழுத்து முடிச்சுப் போட்டாள். காவலர்கள் தடுக்கவில்லை; கிழவருக்கு ஒரு பெண் பிள்ளை இரக்கப்படுகிறாள் என்று நினைத்தார்கள். மதிலோரம் நின்ற ஊரும் அப்படித்தான் நினைத்தது.

அவள் முடிச்சைச் சரி பார்க்கிற சாக்கில் குனிந்தாள்.

"இதையும் போட்டுக்கோங்க சாமி. இதுவும் என்னோடதுதான்."

ஓஸ்பர்ட் தலையை மட்டும் ஆட்டினார்.

"இத மட்டும் பாட்டுல எழுதிராதீங்க" என்றாள்.

அவர் எழுதவில்லை.